மூன்றாவது வளைவு

என் கணவர் சாம்பசிவன் லட்சணமான மனிதர். முழங்கால்கள் மட்டும்தான் பார்க்கச் சகிக்காது. நாற்பத்திரண்டாவது வயதில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். அதற்குப் பிறகு அந்த முழங்கால்களில் தோல் நிலையாகக் குடியிருந்ததில்லை.

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு, தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பச்சைமலைக்குப் போவார். பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கனும் ஒரு பழைய சைக்கிளோடு கூடப் போவார். இருவரும் உச்சி வரை தள்ளிக்கொண்டு ஏறி, ஆடு மேய்ப்பவர்களின் ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். எட்டரை மணிக்கு ரத்தத்தோடு இட்லிக்கு வந்து உட்கார்வார். நான் டிஞ்சர் போடுவேன். ஊதச் சொல்வார். ஊதுவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று வருத்தப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருக்கலாம்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். 1993இல் எனக்கு அங்கே பத்தொன்பது வருடம் முடிந்திருந்தது. நாலாயிரத்து இருநூறு புத்தகங்களுக்கும் என் கையெழுத்தில் அட்டை எழுதியிருந்தேன். ஓர் அட்டையிலும் அடித்தல் கிடையாது. பூச்சி அரிக்காமல் இருக்க, பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பதும் நானே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த அக்டோபரில் எது போகவிருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த மாதம் ஒருநாள் அவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தார்.

"கிளி, குன்னூர் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துடுச்சு. நவம்பர் ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணணும்."

"குன்னூரா? யாருங்க கேட்டா?"

"நான்தான் எழுதிக் கேட்டேன். எங்க திரும்பினாலும் மலை கிளி. ரிட்டயர் ஆகற வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கலாம்."

"என் லைப்ரரி?"

"ஏன், அங்கயும் புஸ்தகம் இருக்கும்ல?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொன்னார். அதனால்தான் கோபப்பட முடியவில்லை. அதற்கப்புறம் மூன்று முறை பேசிப் பார்த்தேன். மூன்று முறையும் என் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, குன்னூரில் ஸ்வெட்டர் போட்டால் நான் எப்படி இருப்பேன் என்று வர்ணித்தார்.

ஒன்றாம் தேதிக்குள் அவர் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இதையும் அவரே சொன்னார். கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

சைக்கிளோடு பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு வந்திருந்தது. அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த அச்சுத்தாளைப் படிக்காமல் விடுவது என் வழக்கமில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது: சக்கரத்தின் ரிம்மில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. நல்ல அச்சு. எழுத்துப்பிழை இல்லை.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, விஜயதசமி. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் புனர்பூஜை முடித்து எடுக்கும் வரை தொடக்கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. என் மூக்குக்கண்ணாடியைக்கூட வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். சைக்கிளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அதை ஞானையாவின் கடைக்குக் கொண்டு போய், தேய்ந்திருந்த பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டு வந்தார். ஞானையா ரயில்வே கேட் பக்கத்தில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர். அவர் முடுக்கிய திருகு தளர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் வைத்துச் சைக்கிளைத் துடைத்தேன். பூஜைக்கு எல்லாச் சாமான்களுக்கும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அரிவாள்மணை, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, எல்லாம் மினுமினுக்கும். முதலில் ஹேண்டில்பார். பிறகு பிரேம். பிறகு முன்சக்கர ரிம், இரண்டு பக்கமும். பிறகு பின்சக்கரம். ஸ்ரீரங்கன் மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், சாருக்கு முன்னாடி சைக்கிளுக்கு எண்ணெய்க் குளியலா?"

"உங்களுதும் கொண்டாங்க, சேத்துத் துடைச்சுடறேன்."

"ஐயோ, வேணாம் சிஸ்டர். நம்மளுது துடைச்சா துருவோட சேந்து வண்டியும் போயிடும்."

அவர் கொண்டு வந்திருந்தால் ரிம்மை விட்டுவிட்டுத்தான் துடைத்திருப்பேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பிறகு சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புத்தக அடுக்கில் அந்தக் கையேட்டையும் சேர்த்தேன். அதுவும் புத்தகம்தானே. அன்று யாரும் எதையும் படிக்கக் கூடாது.

ஞாயிறு காலை கற்பூரம் காட்டினேன். வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் அதன்மேல் ஏற்றி நசுக்கிவிட்டுக் கையாட்டினார். எங்கள் வீட்டிலிருந்து மலையுச்சி வரை மேடுதான். மேட்டில் யாருக்கும் பிரேக் தேவைப்படாது. இது கையேட்டில் இல்லை, நானே யோசித்தது.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒருமுறை என்னை அழைத்துப்போய்க் காட்டியிருந்தார். முதல் வளைவில் மணல். இரண்டாவதில் புதர். மூன்றாவது வளைவைத் தாண்டினால் பழைய கல்குவாரி. நாற்பதடிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். அன்று ஒரு நீர்க்கோழி நீந்திக்கொண்டிருந்தது. நான் நினைத்தது முதல் வளைவு. மணல் மெத்தைபோல இருக்கும். கால் மட்டும் போகும்.

ஒவ்வொரு ஞாயிறும் இட்லி சாப்பிடும்போது அவர் ஒரு விஷயத்தைச் சொல்வார் என்பது உண்மை. "முதல் ரெண்டு வளைவுல பிரேக்கையே தொட மாட்டேன் கிளி. ஸ்ரீரங்கன் அங்கயே அலறுவான். நான் மூணாவதுலதான் பிடிப்பேன், கடேசி நிமிஷத்துல." இரண்டு வருடம் சொன்னார். நூறு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். நான் கவனித்துக் கேட்கவில்லை. டிஞ்சர் போடுவதில் கவனமாக இருந்திருப்பேன். மற்றபடி எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே உண்டு.

ஸ்ரீரங்கன் ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"சிஸ்டர், சார் மூணாவது வளைவுல திரும்பவே இல்ல சிஸ்டர். நேரா போயிட்டார்."

"பிரேக் பிடிச்சாரா?"

"ரெண்டு கையாலயும் புடிச்சாரு. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு. சும்மா வெளாட்டு காட்டறார்னு நெனச்சேன்."

அந்தச் சிரிப்பை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அவரைப்போல ஒரு மனிதரை இனி நான் பார்க்கப் போவதில்லை. இப்போதும் ஞாயிறு எட்டரைக்கு அடுப்பில் இட்லி இருக்கும். நான்குதான் சாப்பிடுவேன். பத்து ஊற்றுகிறேன்.

சைக்கிளை இரண்டு நாள் கழித்துத்தான் குவாரியிலிருந்து எடுத்தார்கள். முழுக்க முழுக்கச் சேறு. விசாரிக்க வந்த ஏட்டு, கால் தவறினால்கூட உயிர் போகும் இடம் என்று எழுதிக்கொண்டு போனார். பள்ளியில் எனக்கு ஒரு மாதம் விடுப்பு கொடுத்தார்கள். பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அட்டைகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

காரியம் முடிந்த மறுநாள் ஞானையா வந்தார். வாசற்படியில் ஏறவே இல்லை.

"நான்தான் டீச்சரம்மா. புதுக் கட்டை. சரியா டைட்டு வெக்காம வுட்டுட்டேன் போல கீது. அன்னிக்கின்னு பாத்து பூஜை அவசரம், கடையில கூட்டம். ஒங்க வூட்ட நானே கெடுத்துட்டேன்."

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன்.

"அழாதீங்க ஞானையா. கை தவறுறது எல்லாருக்கும் உண்டு. நான் உங்களை மன்னிச்சுட்டேன்."

அந்த மாதமே அவர் கடையை மூடிவிட்டார். பிறகு ஒரு செருப்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சைக்கிளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பதாகச் சொல்வார்கள். இந்த ஆறு வருடமும், விஜயதசமியன்று தவறாமல் ஒரு பாக்கெட் பிஸ்கெட்டோடு என் வாசலில் வந்து நிற்கிறார்.

இந்த வருடம் கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. கதவைத் தடவித்தான் வந்தார்.

"இன்னொரு தபா சொல்லுங்க டீச்சரம்மா. காதால கேட்டுக்கினு போயிடறேன். இல்லாங்காட்டி தூக்கமே வர்ல."

சொன்னேன். முகம் சுளிக்காமல், முழு மனதோடு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி வருடா வருடம் இப்படி மன்னிப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும். அவர் இருந்திருந்தால் என்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பார்.