சாவி கையில

எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது என் வழக்கம், மேடம். திருவையாற்றில் தையல் கடை வைத்திருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கத்தரிக்கோல் கைக்கு வரும். அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருநாளும் மறந்ததில்லை. நேற்று ஸ்டேஷனில் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினீர்கள். அதில் ஒரு சொல் சரியில்லை. அதைத் திருத்தத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு பழைய நெல் குடோனில் நடக்கிறது எங்கள் பயிற்சி நிலையம். மழை பெய்தால் இன்னும் தவிட்டு வாசம் வரும். பெண்களுக்கென்று இரும்பு கடையும் லேத் வகுப்பு தொடங்கியதும் சேர்ந்தேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலை செய்து முடிக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்தது ஸ்க்ரூ ஜாக். சேற்றில் இறங்கிய டிரெய்லரைத் தூக்குகிற ஜாக். அடிப்பகுதி ஷம்சாத்துக்கு, ஸ்க்ரூ எனக்கு, அது ஏறி இறங்கும் நட்டு கலைமகளுக்கு. கலைமகள் குத்தகை விவசாயி வீட்டுப் பெண். வயது பத்தொன்பது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பஞ்சநதம் சார் வகுப்பு தொடங்கிய அன்றே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வார்த்தை. லேத்தில் இரும்பைக் கவ்விச் சுழற்றும் 'சக்' என்ற பாகத்தை ஒரு சாவி போட்டுத்தான் இறுக்க வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் அது எங்கே பறக்கும், யாரை அடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒருத்தி இறுக்குவாள். சாவியை உருவித் தூக்கிக் காட்டி "சாவி கையில" என்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவள் சுவிட்சைத் தொடுவாள். கலைமகள் இதையும் விளையாட்டாக்கிவிட்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஸ்பூனைத் தூக்கி "சாவி கையில" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் ஒருமுறை சிரித்தேன்.

அவள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்காது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கடைவாள். துடைக்கிற துணி ஒரு பக்கம் கிடக்கும், அளவு பார்க்கும் வெர்னியர் ஒரு பக்கம் கிடக்கும். ஆனாலும் அவளுக்கு வேலை கைவந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜாக்கைப் பூட்டிய அன்று என் ஸ்க்ரூ அவள் நட்டுக்குள் பாதிக்கு மேல் போகவில்லை. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவள் அரத்தை எடுத்து என் ஸ்க்ரூவின் மரையை ராவிவிட்டாள்.

"லேசா ராவி விட்டுட்டேன்க்கா. இப்ப பாருங்க, வழுக்கிக்கிட்டு ஓடுது" என்றாள்.

நான் பார்த்துப் பார்த்து வெட்டிய மரை அது. தப்பு அவள் நட்டில்தான் என்று சாரிடம் சொன்னேன். சார் இரண்டையும் வாங்கி அளந்தார்.

"நட்டு கரெக்டா இருக்கும்மா. ஸ்க்ரூலதான் பிசகு. அதுக்காக இப்புடி ராவுறது ஒப்பேத்துற வேலை, லோடு தாங்காது. புதுசா வெட்டணும். கலைமகளே வெட்டட்டும், நீ கூட நின்னு பாத்துக்க."

அந்த வெர்னியரைப் பலபேர் கீழே போட்டிருக்கிறார்கள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை.

அப்போதுகூட என் மனதில் ஒன்றுமில்லை. பிறகு கலைமகள் என் தோளில் கை வைத்து, எல்லார் முன்னாலும், "விடுங்கக்கா, கவனம் தப்புறது எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போனேன். எங்கள் சக் சாவியின் முனையில் ஒரு ஸ்பிரிங் உண்டு. கையை எடுத்தால் சாவியை அதுவே வெளியே தள்ளிவிடும். மறதிக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அதைக் கழற்றி என் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான். அடுத்தவள் வார்த்தையை நம்பிச் சுவிட்சைப் போடக்கூடாது, தானும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இதை யாராவது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

புது இரும்புத் தண்டைச் சக்கில் வைத்து நான்தான் இறுக்கினேன். சாவியைச் சக்கின் மறுபக்கத் துளையிலேயே அப்படியே விட்டேன். அவள் நிற்கிற இடத்திலிருந்து தெரியாது. இரும்பை வெட்டும் டூலை இறுக்க இன்னொரு சின்னச் சாவி இருக்கிறது. அதை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "சாவி கையில" என்றேன். பக்கத்தில் நின்ற ஷம்சாத், தன் காதால் கேட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மேடம். என் கையில் சாவி இருந்தது.

நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். கலைமகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கையில" என்று அவளும் ஒருமுறை சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

சத்தம் பெரிதாக இல்லை. சாவி அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது. ஷம்சாத் அலறிக்கொண்டு சாரைக் கூப்பிட ஓடினாள். மெஷினை நிறுத்தியது நான்தான். சாவியைத் தேடி எடுத்து, துடைத்து, பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பொழுது நினைவோடு இருந்தாளாம். பிறகு இல்லை. காரியம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. குறுவை அறுத்த வயல், வரப்பெல்லாம் வைக்கோல். அவள் அம்மா நீலாம்பாள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சாவிய எடுக்க மறந்துட்டாங்க, பாவம், அவங்கள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுத்தாம்மா போனா. நீ அழாத. கவனம் தப்புறது எல்லாருக்கும் வர்றதுதான்."

நான் அழவில்லை. அங்கே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ் ஏறும்வரை அந்த ஊரே என்னைப் பாவமாகப் பார்த்தது. பஞ்சநதம் சாரும் அதையே சொல்கிறார். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள்: கவனக்குறைவு. அந்தச் சொல்லோடு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

இதோ அந்த ஸ்பிரிங். துரு ஏறக்கூடாது என்று எண்ணெய் தடவித்தான் வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அவள் நம்புவாள், எட்டிப் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியை விட்டேன். கலைமகளைக் கொன்றது நான். தண்டனை எதுவானாலும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.