பதினோரு வெள்ளை அங்கியும் ஒரு டர்போவும்

ஹலோ... ஆமா, ரக்னார்தான். மூணாவது மாடி ரக்னார்... சொல்லுங்க குன்வோர். கட்டடச் சங்கத் தலைவி வேலை நாள்ல மத்தியானம் போன் பண்ணா நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கணும்... இல்லையா? நல்ல விஷயமா? உக்காந்துக்கவா?... இருங்க, நாற்காலியில காரோட இன்டர்கூலர் இருக்கு, இறக்கி வச்சுட்டு உக்காரறேன்.

...என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க.

...கராஜ். எனக்கா... ஆமா, ஆமா. ஏழு வருஷம் நாலு மாசம். வரிசையில முதல் ஆள் நான்தான். ஹீட்டர் போட்ட கராஜ் இந்தக் கட்டடத்துக்கே ஒண்ணே ஒண்ணு... ஓ, ஹெல்கே காலி பண்றாரா. மகள் வீட்டோட போயிடறாரா... நல்லது. அவருக்கும் நல்லது... இல்ல, அழலை. சளி.

...ஆமா, காருக்கு டர்போ மாத்தத்தான். சாமான் எல்லாம் சேர்த்தாச்சு, அதான் கொடுமை. மூணு வருஷமா ஒவ்வொண்ணா வாங்கி வீடு நெறஞ்சு போச்சு, மாட்டத்தான் இடமில்ல. மைனஸ் பன்னெண்டுல பனியில மல்லாந்து படுத்துகிட்டு எஞ்சினைக் கழட்ட முடியுமா?... டர்போ புத்தக அலமாரியில இருக்கு. புத்தகமெல்லாம் கட்டிலுக்கு அடியில. எண்ணெய்க் குழாய் கரண்டி டப்பாவுல. போன வாரம் தங்கச்சி வந்து சூப்பு கலக்க அதைத்தான் எடுத்தா... கேஸ்கெட்டெல்லாம் ஆணியடிச்சு சுவத்துல மாட்டியிருக்கேன். ஓவியம்னு நெனச்சு ஒருத்தர் அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போனாரு. காரு என்னவோ கீழ பனிக்குள்ள நிக்குது. இருபத்தெட்டு வயசு. இந்த வயசுல அதுக்கு எதுக்கு டர்போன்னா, எனக்கும் பதில் தெரியாது... ஆமா, கல்யாணம் ஆகாததுக்கும் இது ஒரு காரணம். நீங்க சொல்லலை, நானே சொல்லிக்கறேன்.

...சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்துல கையெழுத்து. வந்துடறேன். அஞ்சே முக்காலுக்கே வந்துடறேன்... இன்னொரு விஷயமா? சொல்லுங்க.

...சலவை அறையா.

...ம். பாத்தேன். லிஃப்ட்ல ஒரு நோட்டீஸ், கதவுல ஒண்ணு, துணிய சூடு காத்துல உலர்த்துற அலமாரி மேலயே ஒண்ணு. ஒவ்வொரு வரிக்கும் அடியில ரெண்டு கோடு. உங்க கையெழுத்துன்னு பாத்ததும் தெரிஞ்சுது... பதினொண்ணுமா போச்சு? பாலர் பள்ளிப் பிள்ளைங்க லூசியா பண்டிகைக்குப் போடற அங்கி, ஆமா, தெரியும். வெள்ளிக்கிழமை காலையில வெள்ளை வெளேர்னு வந்து மெழுகுவத்தியோட நின்னு பாடணும்... வருஷா வருஷம் நீங்கதான் துவைச்சுக் குடுக்கறீங்க... ம். கறுப்புக் கோடு. நெஞ்சுக்குக் குறுக்க... தேச்சாலும் போகலையா. ம். ம்.

...யாருன்னு தெரிஞ்சுபோச்சா?

...மிலோஷா? கோடையில கீழ் வீட்டுக்குக் குடி வந்தாரே, அந்த மிலோஷா?... சைக்கிள் ரிப்பேர் பண்றாரு, எப்பவும் கையில கிரீஸு, அதனால அவர்தான்... ம். யாராவது பாத்தாங்களா?... சரி, பாக்கலை. அவர்கிட்ட கேட்டீங்களா?... இல்லவே இல்லன்னுட்டாரா... ஆமா, செஞ்சவனும் அப்படித்தான் சொல்வான். ஒத்துக்கறேன்.

...சலவை அறைச் சாவியப் பிடுங்கறதா? ஆறு மாசத்துக்கா? குன்வோர், அந்த வீட்டுல ரெண்டு மாசக் கைக்குழந்தை இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை துணி விழும்... இல்ல, நான் யாருக்கும் பரிஞ்சு பேசலை. கூட்டம் முடிவு பண்ணட்டும், எனக்கென்ன... ஆமா. முதல்ல அவர் சாவிய வாங்கறது, அப்புறம் எனக்குச் சாவி குடுக்கறது. ரெண்டும் ஒரே கூட்டத்துல. சரி... சரி. ரொம்ப நன்றி. வச்சுடவா...

குன்வோர். இருங்க. வைக்காதீங்க.

...ஒண்ணுமில்ல. இல்ல, இருக்கு. அந்த டர்போவுக்கு ஒரு இரும்புக் குழாய் வேணும். நாலு விரல் மாதிரி பிரிஞ்சிருக்கும். எஞ்சின்லேருந்து வர்ற புகைய அதுதான் டர்போவுக்குக் கொண்டு போகும்... தெரியும், உங்களுக்கு இது எதுக்குன்னு. கேளுங்க. குழாய் துருப்பிடிச்சிருந்துச்சு. சொரண்டிட்டு கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன், சூடு தாங்கற பெயிண்ட். அடிச்சா மட்டும் போதாது, மணிக்கணக்கா இதமா சூடு காட்டணும். என் ஓவன்ல வைக்கலாம், போன தடவை வச்சதுக்கு ஒரு மாசம் ரொட்டியெல்லாம் பெட்ரோல் பங்க் வாசனை அடிச்சுது. அதனால...

...ஆமா. நீங்க நெனைக்கறது சரிதான். உலர்த்துற அலமாரி. நல்ல சூடு, நல்ல காத்து, கரண்டும் சங்கத்தோடது. எனக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருந்துச்சு.

...என் முறையிலதான் வச்சேன், குன்வோர். ஞாயித்துக்கிழமை ரெண்டுலேருந்து அஞ்சு, நேரம் பிடிக்கற பலகையில என் பூட்டைப் போட்டு முறையா... சரி. அது இப்ப முக்கியமில்ல. சரி. குழாய் காஞ்சிடுச்சுன்னு நெனச்சேன், எடுத்தா கையெல்லாம் ஒட்டுது. உள்ள துணி போடற கம்பியெல்லாம் கறுப்பு. பாத்தேன். பாக்கலைன்னு சொல்லமாட்டேன். அப்ப மணி நாலு அம்பத்தெட்டு. அஞ்சு மணிக்கு உங்க முறை ஆரம்பிக்குது. துடைச்சுகிட்டு நின்னா மூணு நிமிஷமாவது தாண்டியிருக்கும். முறை தாண்டினவங்களுக்கு இந்தக் கட்டடத்துல என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். அதனால அப்படியே விட்டுட்டு, நல்ல பிள்ளையா நாலு அம்பத்தொம்பதுக்கு வெளிய வந்துட்டேன். படியில உங்களப் பாத்து வணக்கம்கூடச் சொன்னேன்.

...ஆமா. மூணு நாளா தெரியும். அந்த நோட்டீஸப் படிக்கும்போது லிஃப்ட்ல பக்கத்துல மிலோஷ்தான் நின்னாரு, குழந்தையத் தோள்ல போட்டுகிட்டு. இப்படியும் ஆளுங்க இருக்காங்களேன்னு என்கிட்ட சொன்னாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன்... தலையாட்டினேன், குன்வோர். அப்புறம் மேல வந்து டர்போவைத் துடைச்சுகிட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப அசிங்கமா இருக்கு.

...இல்ல. கராஜ் கைக்கு வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு ஒரு யோசனை ஓடத்தான் செஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஓடுச்சு.

...ஹலோ? இருக்கீங்களா?

...ம். அஞ்சாவது விதி, தெரியும். எச்சரிக்கை வாங்கினவங்க வரிசையில கடைசி. இப்ப கடைசின்னா எத்தனாவது... பதினாலு. ம். பதினாலு... இல்ல, வாதாடலை. அந்த விதி வேணும்னு கை தூக்கினவன்ல நானும் ஒருத்தன். அப்ப வேற யாருக்கோ வரப்போகுதுன்னு நெனச்சேன்... டர்போவா? அலமாரியிலயே இருக்கட்டும், பூ ஜாடியா வச்சுக்கறேன்.

...சாயங்காலம் கூட்டத்துல மிலோஷ் பேரை எடுக்க மாட்டீங்கல்ல?... நன்றி. இல்ல, அதுக்கு நான் நன்றி சொல்லக் கூடாது. சரி.

...அங்கிக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. என் வெள்ளைப் போர்வை ரெண்டு... இல்ல, அதுல கியர்பாக்ஸைச் சுத்தி வச்சிருக்கேன். புதுத் துணியே வாங்கறேன். தங்கச்சிகிட்ட தையல் மெஷின் இருக்கு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதினொண்ணையும் தைக்க வைக்கறேன்... தைக்கத் தெரியாது, பிடிச்சுக் குடுப்பேன்... துவைக்காம போட்டா பிள்ளைங்களுக்கு அரிக்குமா? சரி, நாளைக்கே துவைச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டுத் தந்துடறேன். அலமாரிய முதல்ல துடைச்சுட்டு, ஆமா, முதல்ல துடைச்சுட்டு... பலகையில முறை ஏதாவது காலி இருக்கா?... ஒண்ணுகூட இல்லையா. பண்டிகை வாரம், இருக்காதுதான்... யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் யாரோட முறை?

...

...ம்.

...இல்ல, நீங்க பேச வேணாம். மிலோஷ்கிட்ட நானே போய்க் கேக்கறேன்... இப்பவேவா? குழந்தை தூங்கிட்டு இருக்குமோன்னு... சாக்குத்தான், எனக்கே தெரியுது. முதல்ல நான்தான் செஞ்சேன்னு சொல்லணும், அப்புறம் முறையக் கேக்கணும். மாத்திக் கேக்கமாட்டேன்... தரமாட்டேன்னு சொன்னா? சொல்லட்டும், சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. அப்பவும் முதல் பாதியச் சொல்லியாச்சுல்ல.

...சரி குன்வோர். வச்சுடறேன். இன்னும் ரெண்டு நிமிஷம் பேசினா கீழ இறங்க மாட்டேன்.