காற்றடித்தால் எரியும் விளக்கு

மயிலாப்பூர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பட்டினப்பாக்கத்து மீன்காரப் பெண்கள் இருவர், கூடையைக் காலி செய்துவிட்டு நேரே வந்தவர்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“ஊரெல்லாம் காத்தடிச்சா வெளக்கு அணையும். எங்க வூட்ல காத்தடிச்சாத்தான்க்கா எரியுது!”

“இன்னாடி ஒளர்றே?”

“நெசமாக்கா! எங்கூட்டுக்காரரு எண்ணெ டின்ன வெட்டி றெக்க பண்ணி, சைக்கிள் டைனமோவுல மாட்டி, கூரை மேல கட்டிகீறாரு. நேத்து சாயங்காலம் கடக்காத்து வந்துச்சு பாரு, றெக்க சர்ருனு சுத்தி பல்பு பளிச்சுனு எரிஞ்சிச்சு! கொயந்தைங்க ஒரே கூத்து. குப்பமே எங்க வாசல்ல நின்னுது!”

“கரண்டு கம்பி இல்லாமயா?”

“கம்பியும் இல்ல, பில்லும் இல்ல!”

“அடி சக்க! அப்பறம் எதுக்குடி இந்த வெயில்ல என்னோட க்யூவுல நிக்கிறே?”

அவள் டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவுரு கடலுக்குப் போற ராத்திரிக்குக்கா. அன்னிக்குக் காத்தே அடிக்கக் கூடாதுன்னு மாதாவ வேண்டிக்கினு, சிம்னி வெளக்க ஏத்திவச்சிகினு குந்தியிருப்பேன்.”