வட்டம் போடாத இடம்

அந்த ஏழாம் நம்பர அழிங்க தம்பி. பேனாவா? செரியாப் போச்சு. குன்னூர்ல பஸ் ஏறுனதுலேர்ந்து பாத்துட்டு வர்றேன், தப்பு மேல தப்பாப் போடறீங்க.

கோவிச்சுக்காதீங்க. பேப்பர்ல வர்ற சாதா சுடோக்குன்னு நெனச்சுட்டீங்களாக்கும். குறுக்க நெடுக்க ஒண்ணுலேர்ந்து ஒம்பது வந்தாப் போதும்னு. கீழ தமிழ்லயே ரெண்டு வரி ரூல் போட்டிருக்கான், அத எவன் படிக்கறான். ரெண்டு கட்டத்துக்கு நடுவால குட்டியா வட்டம் இருக்குதில்லீங்க, அங்க அடுத்தடுத்த நம்பர்தான் வரணும். மூணு பக்கத்துல நாலு, இல்லீனா ரெண்டு.

அது தெரியுமுங்களா? பெரிய ஆளுதான். அப்பறம் ஆறுக்குப் பக்கத்துல ஏழு வெச்சிருக்கீங்களே, நடுவால வட்டம் எங்க? இல்லீனா என்னங்கறீங்களா? அங்கதானுங்க எல்லாரும் குப்புற உழுகறது. போட வேண்டிய வட்டமெல்லாம் போட்டாச்சுன்னு எழுதியிருக்கான் பாருங்க. வட்டம் இல்லாத எடத்துல அடுத்த நம்பர் வரவே கூடாது. மறந்து உட்டதில்லீங்க அது.

நானு தேயில பாக்டரில பாய்லர் பாத்தவன். இலைக்கு வெல படுத்ததும் வாரம் ரெண்டு நாள் ஓடுச்சு, அப்பறம் கேட்டுக்குப் பூட்டு. எங்க ஆபீசர் இந்த மாதிரி பொஸ்தகம் ஒண்ண உட்டுட்டுப் போனாரு. தஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீசு பேசுவாரு, மூணு பக்கம் தாண்டல. எனக்கு இங்கிலீசு வராது. பின்னால இருக்கற விடைய உத்து உத்துப் பாத்தே ரூலக் கண்டுபிடிச்சேன். ஒன்றர வருசம். பாக்டரி தொறக்கட்டும்னு உக்காந்திருந்தனுங்க.

திருப்பூருக்குத்தான். மேட்டுப்பாளையத்துல எறங்கி மாறணும். ஊட்டுக்காரி இந்துமதி அங்க பனியன் கம்பெனில இருக்கறா. என்னியும் வான்னுதான் கூப்பிட்டா, நாந்தான் வரலீன்னேன். செரி, ஞாயித்துக்கெழமையானா ஒரு ரிங் உடறேன், எடுத்துப் பேசிக் காசக் கரைக்காதே, உன்ற வரவப் பாத்துட்டு இருக்கேன்னு அர்த்தம்னா. ரிங் வரலீனா உன்னிய உட்டுட்டேன்னு வெச்சுக்கன்னா. சொல்லிட்டுத்தான் போனா.

பதினோரு ஞாயிறு வரலீங்க. மலையில டவர் எடுக்கலேன்னு நெனச்சு, செல்போன சவுக்கு மரத்துல கட்டித் தொங்க உட்டேன். உங்களையப் போயி தப்புச் சொல்றேன் பாருங்க.

நேத்து பக்கத்து ஊட்டு பிலோமி சொல்றா, அவ போனுக்கு இந்துமதி வாராவாரம் பேசறாளாமுங்க. அரமணி நேரம். கொழாயில தண்ணி வருதான்னு கேட்டாளாம். கோழி அடை வெச்சுதான்னு கேட்டாளாம். என்னியப் பத்திக் கேக்கவே இல்லீங்களாம்.