நரம்பில்லாத சிலந்தி

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸுக்கு மூச்சு வரட்டும் என்று பாலக்கோட்டில் காத்துக் கிடந்தோம். என் முன் சீட்டில் ஒரு பட்டணத்துக் கல்லூரிக்காரர். ஊர் ஊராய்த் திரை கட்டிச் சுகாதார லாந்தர் படம் காட்டி, அதைப் பார்த்து ஜனங்கள் திருந்துகிறார்களா என்று ஆராய்ந்து பட்டம் வாங்கப் போகிறவராம். அவர் பக்கத்தில், காலில் துணிக்கட்டோடு ஒரு விவசாயி.

"நீங்க சொன்னாப்பலயே சிலந்தியெல்லாம் அடிச்சுட்டோங்க. காலுதான் ஆறல" என்றார் விவசாயி.

"எந்தச் சிலந்தி?"

"வூட்டு மூலையில வலை கட்டுமே, அதுதானுங்க. 'சிலந்தியை ஒழிப்போம்'னு படத்துல போட்டீங்களே. ஊரே தொடப்பத்தோட எறங்கிடுச்சு."

"அது நரம்புச் சிலந்திங்க. படிக்கிணத்துத் தண்ணியில உடம்புக்குள்ள போயி, கால்ல புழுவா வெளியே வருமே, அந்த வியாதி. படத்துல இடம் பத்தலைன்னு 'நரம்பு'ங்கறதை எடுத்துட்டோம்."

"நாங்க அதை நரம்புன்னு மட்டுந்தானுங்க சொல்லுவோம்."

"தண்ணியை வடிகட்டச் சொன்னோமே?"

"சிலந்தி வுழுந்தாத்தானே வடிகட்டணும். நாங்கதான் ஒண்ணு விடாம அடிச்சுட்டோமே."

"இப்ப எங்கே போறீங்க?"

"தர்மபுரி ஆஸ்பத்திரிக்குங்க. மழைக்குள்ள காலு ஊனலைன்னா இந்த வருசம் ஏர் புடிக்க ஆளில்லீங்க, நெலம் தரிசுதான்."

கல்லூரிக்காரர் நோட்டைத் திறந்து, 'படம் பார்த்ததும் செயலில் இறங்கியவர்கள்: ஊர் முழுவதும்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"என்னங்க எழுதுனீங்க?"

"படத்தால நல்ல பலன்னு."

"யாருக்குங்க?"