பதிவேட்டில் முதல் எண்

– கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் நானே நிரப்பிட்டேன்.

– பார்த்தேன் சார். ‘கல்வித் தகுதி’ன்னு இருக்கிற கட்டத்துல அழகா ஒரு கோடு இழுத்து வச்சிருக்கீங்க.

– அதாவது, உங்களுக்கு அது தேவையில்லன்னு கவுன்சில்ல தீர்மானமே போட்டாச்சு. தலைவர் நான், எனக்குத் தெரியாதா? சட்டம் வந்தாச்சு. இனிமே பதிவு பண்ணாம யாரும் ‘மனநல ஆலோசகர்’னு போர்டு மாட்ட முடியாது. பதிவேட்டுல முதல் எண் உங்களுக்கு. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல.

– இருக்கட்டும். முதல்ல உட்காருங்க. மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கல உங்களுக்கு.

– எதுக்கு இப்படி ஒரு இடம் பிடிச்சீங்க? கீழ தையல் கடை. ஏழெட்டு மிஷின் கடகடன்னு ஓடுது.

– அதுக்காகத்தான் பிடிச்சேன். இங்க ஒருத்தர் அழுதா அந்தச் சத்தத்துல வெளியில கேக்காது.

– அட! நான் காலேஜ்ல முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். அறை எப்படி இருக்கணும்னு ஒரு அத்தியாயமே நடத்தினேன். இது எனக்குத் தோணலையே.

– நாற்காலியையும் பாருங்க. ரெண்டும் ஜன்னலைப் பார்த்துதான் இருக்கும். முகத்துக்கு நேரா எல்லாராலயும் பேச முடியாது. மில்லுல கத்துக்கிட்டது.

– மில்லு! நம்ம ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வேலைக்கு எடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? என் கையில ஒரு பெட்டி நிறைய மரக்குச்சி. வேலை கேட்டு வர்றவன் அதை ஓட்டைப் பலகையில எத்தனை நிமிஷத்துல சொருகுறான்னு பார்த்து, இவன் தறிக்கு, இவன் கிடங்குக்குன்னு பிரிக்கணும்.

– ‘குச்சி சார்’னுதானே உங்களுக்குப் பேரு.

– உங்களுக்கு மட்டும் என்னவாம்? ‘காதுக்காரி’.

– மில்லுல பெரிய வேலைநிறுத்தம் ஒண்ணு முடிஞ்ச கையோட எடுத்தாங்க என்னை. மேனேஜர் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? ‘ஆவி வெளியில போயிட்டா மூடி வெடிக்காது. நீ உட்கார்ந்து கேளு, பதில் ஒண்ணும் சொல்லாத, அது போதும்’னார். யாரும் நல்லா இருக்கணும்னு ஆரம்பிச்சதில்ல சார் நம்ம தொழில்.

– அதாவது, ஆரம்பம் எப்படி இருந்தா என்ன? ஆள் பொறுக்குறதுல தொடங்கி பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, டெலிபோன்லயே ஆலோசனை. அப்பல்லாம் ‘எனக்கு என்ன பைத்தியமா’ன்னு நம்மகிட்ட சண்டைக்கு வருவாங்க. இப்ப அவங்களே தேதி கேட்டு வர்றாங்க. இந்தச் சட்டத்துக்காக எத்தனை வருஷம் அலைஞ்சிருப்பேன்! அதுல முதல் விதி என்னன்னு படிச்சீங்களா?

– ‘நாடி வந்தவர் கூறியதை அவர் அனுமதியின்றி வெளியிடலாகாது.’ படிச்சேன். அதனாலதான் கையெழுத்துப் போட மாட்டேங்கிறேன்.

– புரியல.

– சாயத்தொட்டியில ஒருத்தர் இருந்தாரே, நீலக் கையோட. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது அந்த நீலம்.

– ...ம்.

– ஒருநாள் வந்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் அந்தக் கையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார். ‘கொஞ்ச நாளா சிவப்பும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுது எனக்கு. பக்கத்துத் தொட்டிக்காரன்கிட்ட எதையாவது பேசுற மாதிரி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுறேன்’னார். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதாம். நான் நோட்டுல எழுதி வச்சேன். பேரோட எழுதினேன் சார். பத்து நாள்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

– தெரியும்.

– எல்லாரையும் நிக்க வச்சு, அவர் முன்னாடி நூல்கண்டைக் கொட்டி, சிவப்பு எது, பொறுக்கி எடுன்னாங்க. அவர் எடுத்தது பூராவும் பழுப்பு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவர் அந்தக் கும்பல்ல என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வை... இருக்கட்டும். அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க.

– நீங்க யார்கிட்டயும் சொல்லலையே.

– வாயால சொல்லல. நோட்டு டிராயர்ல இருந்துச்சு. பூட்டினேனா, பூட்டாம வீட்டுக்குப் போயிட்டேனா? நாப்பது வருஷமா இதையேதான் யோசிக்கிறேன். சாவியைத் திருப்பினது கைக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அது முந்தின நாளா, அதே நாளான்னு தெரியல. அதுக்கப்புறம் என் அறைக்கு ஒரு ஈ காக்கா வரல. மூணு மாசம் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் அறையை மூடிட்டார். அன்னையிலேர்ந்து நான் யார் பேரையும் எழுதினதில்ல.

– அவர் என்ன ஆனார்னு விசாரிச்சீங்களா?

– எதிர்ல மருந்துக் கடை இருக்கே, அது அவர் பொண்ணோடது. எனக்கே பிற்பாடுதான் தெரியும். ஒருதடவை நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். ‘எங்கப்பா அன்னையிலேர்ந்து சாகுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மனசு விட்டுப் பேசலம்மா, எங்கம்மாகிட்டகூட’ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. இப்பவும் நான் தலைவலி மாத்திரை வாங்கப் போனா, அவ உள்ளே போயிட்டு வேலைக்காரங்களை அனுப்புறா. சொல்லுங்க, எனக்கா முதல் எண்?

– கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

– இந்தாங்க. என்ன சார், ஒரே மூச்சுல குடிச்சுட்டீங்க? சர்க்கரை கிர்க்கரை...

– அதெல்லாம் இல்ல. அதாவது... இந்த அறையில ஒருத்தர் சொன்னா அது வெளியில போகாதுல்ல?

– இதென்ன புதுசா?

– கேக்குறேன். கவுன்சில் தலைவரா கேக்கல. உங்ககிட்ட வர்றவங்க கேப்பாங்கல்ல, அந்த மாதிரி.

– போகாது. எனக்குன்னு இருக்கிற படிப்பு அது ஒண்ணுதான்.

– நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கட்டுமா?

– அது ஏற்கனவே ஜன்னலைத்தான் பார்த்திருக்கு. நீங்கதான் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கீங்க. மெதுவாச் சொல்லுங்க. அவசரம் இல்ல.

– அப்போ மேனேஜர் எனக்குக் கெடு வச்சிருந்தார். ‘உன் குச்சியால கம்பெனிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, மாசக் கடைசியில மூட்டையைக் கட்டு’ன்னு. எனக்கு ஒரே ஒரு ஆள் போதும். என் பரீட்சை கண்டுபிடிச்ச ஆள்னு காட்ட ஒரே ஒருத்தர்.

– ம்.

– நூல்கண்டைக் கொட்டினது மேனேஜர்தான், ஆனா யோசனை அவரோடது இல்ல. என் பரீட்சை அது. அதுக்கு முந்தின நாள்தான் தயார் பண்ணேன். அதைப் பார்த்துட்டுத்தான் கம்பெனி என்னை மேல்படிப்புக்கு அனுப்பிச்சு. படிப்பு, காலேஜ், கவுன்சில், எல்லாமே அதுக்கு அப்புறம் வந்தது.

– நோட்டு எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

– ஆபீஸ் சாவிக்கொத்துல எல்லா டிராயருக்கும் மாத்துச் சாவி இருந்துச்சு. நீங்க பூட்டித்தான் வச்சிருந்தீங்கம்மா. நான் திறந்தேன்.

– ...

– ஏதாவது பேசுங்க. திட்டிடுங்க. இந்த மிஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு உட்கார முடியல.

– பூட்டியிருந்தேனா?

– பூட்டியிருந்தீங்க.

– வெளியில போகாதுன்னு வாக்குக் குடுத்துட்டேன். போகாது. அந்தப் பொண்ணு இன்னும் இருபது வருஷம் என்னைப் பார்த்து உள்ளே போனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இந்தாங்க உங்க படிவம், கையெழுத்துப் போடல. எதிர்க்கடை இப்ப திறந்துதான் இருக்கு சார், அவளும் கடையிலதான் இருக்கா.