கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தவறான வரி

அவைத் தலைவர் திரு. தம்புசாமி அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த அன்பர்களே, அடுப்பை அணைத்துவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் சகோதரர்களே, வணக்கம்!

என் மகன் கிரிகரியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். அவன் செய்யும் தொழில் என்ன? உலோகத்துக்குள் மின்சாரம் ஓடும் விதத்தை, எந்த இயந்திரத்தையும் தொடாமல், பென்சிலால் கணக்கிடுகிறான்.

"பென்சில் பிடிக்கவா சீமைக்குப் போனாரு?" என்கிறது ஒரு குரல். ஆம் தம்பி, பென்சில் பிடிக்கத்தான்! செம்புக் கம்பியைப் பிளந்தாலும் தெரியாததைக் காகிதத்தில் காணத்தான்!

கடுங்குளிரில் கம்பிக்குள் மின்துகள்கள் எப்படி ஓடும் என்று அவன் ஒரு முடிவு சொன்னான். சீமையில் அச்சிட்டார்கள்; புகழ்ந்தார்கள். நாமும் அதை வாழ்த்துமடலில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டோம். முந்தாநாள் காலை, சாப்பாட்டு மேசையில் அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"அம்மா, என் கணக்கு தப்பும்மா. ஒவ்வொரு துகளும் தனியா ஓடுதுன்னு வச்சிட்டேன்."

தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் யாராலாவது தனியாக நடக்க முடியுமா? நெருக்குவார்கள், தள்ளுவார்கள், நிறுத்துவார்கள். அந்த நெருக்கத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைத் தானே எழுதி அறிவித்தால், சீமையில் அவனுக்கு உறுதி சொன்ன ஆசிரியர் வேலை கைநழுவலாம். நான் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் என் வீட்டுக்கே வந்தார்.

"அம்மா, விழா முடியட்டும். யாருக்கு இது தெரியப் போவுது? பேசாம இருக்கச் சொல்லுங்கம்மா."

யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்! கணவரை இழந்து பதினெட்டு ஆண்டுகள், தலைகுனியாமல் வளர்த்தேன். அந்த வேலை அவனுக்குக் கிடைக்க வேண்டுமென்று எனக்கு ஆசை இல்லையா? உண்டு. ஆனால் பிழையை மறைத்துப் பெறும் பெருமை பெருமையா? பொய்யைப் பூட்டி வைத்துப் பெறும் பதவி பதவியா?

பிழையை ஒப்புக்கொண்டு அவன் சீமைக்கு எழுதிய கடிதத்தை இன்று காலை நாங்கள் தபாலில் சேர்த்துவிட்டோம்.

"ஐயோ" என்கிறீர்களா, அக்கா? கை தட்டுங்கள்! கணக்குப் போடுபவரில் தவறு செய்யாதவர் எங்கும் இல்லை. உலகமே சரியென்று சொன்ன பிறகு, தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். சட்டத்தைக் கழற்றி, மடலில் அந்த ஒரு வரியை மையால் அடித்துவிட்டேன். அதன்மேல் என் கையால் எழுதியிருக்கிறேன்: "தன் பிழையைத் தானே கண்டு சொன்னவர்." அதைச் சத்தமாக வாசியுங்கள்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.